மாநகரில் எஃப்.எம். ஏன் கரகரக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் எஃப்.எம். வானொலி சரியாகக் கேட்பதில்லை என்ற குறையுடன் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் ‘நிலையம் சக்தியைக் குறைத்துவிட்டதோ’ என்ற சந்தேகம் இருக்கிறது. அதற்கான பதில் முதல் கேள்வியிலேயே வந்துவிடுவதால் அதைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக எல்லா நிலையங்களும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தன. எதிர்த் தெருவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிய பிறகு ஒரு நிலையம் கரகரக்கிறது. அடுத்த நிலையமோ முன்பைவிட நன்றாக வருகிறது. பெட்டியை ஒரு முழம் நகர்த்தினால் நிலைமை தலைகீழாகிறது. இது பெட்டியின் கோளாறா, நிலையத்தின் கோளாறா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் கேள்வியிலேயே காரணம் ஒளிந்திருக்கிறது. எஃப்.எம். ஒலிபரப்பு நடக்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். இவை ஒளியைப் போலவே பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். கான்கிரீட் சுவரிலும் இரும்புச் சட்டத்திலும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியிலும் பட்டால் திரும்பி வரும். எனவே உங்கள் பெட்டியின் ஏரியலுக்குக் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்றும், எதிர்வீட்டு அடுக்குமாடியில் பட்டுத் திரும்பும் அலை இன்னொன்றும், அதற்கப்பால் உள்ள கட்டடங்களில் மோதி வரும் அலைகள் பலவும் சேர்ந்தே வந்து விழுகின்றன. நேரலையின் (கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையின்) மேடும் திரும்பி வந்த அலையின் மேடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சிக்னல் வலுக்கும். மேட்டின் மீது பள்ளம் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வலுக்கும் இடத்துக்கும் அழியும் இடத்துக்கும் இடையே முக்கால் மீட்டர்தான் இருக்கும். நீங்கள் ஒரு முழம் நகர்த்தியதும் நிலைமை மாறியது இதனால்தான். ஒவ்வொரு நிலையத்தின் அலைநீளமும் சற்றே வேறுபடுவதால் ஒன்று அழியும் இடத்தில் இன்னொன்று அழியாது. சில வேளைகளில் வலுக்கவும் செய்யும். கட்டடம் எழும்பிய பின் ஒரு நிலையம் கெட்டதும் இன்னொன்று மேம்பட்டதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அலை குறைந்தால் கேட்பது சீரான ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். எதிரொலிப்பு அலைகளால் கெடும்போது கேட்பது வேறு. எஃப்.எம். ஒலிபரப்பில் ஒலி உரக்கும்போது அலைவரிசை தன் இடத்திலிருந்து இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசையும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை சுமார் பத்து மைக்ரோ நொடி பிந்தி வரும். அப்படிப் பிந்திய அலை, அந்த 75 கிலோஹெர்ட்ஸ் அசைவின் நடுவே ஏதாவது ஓரிடத்தில் நேரலையை ரத்து செய்யும். அசைவு அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி கிழியும். அறிவிப்பாளரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் துணி கிழிவதைப் போலச் சிதறுவதும், மற்ற எழுத்துகள் ஓரளவு சுத்தமாக வருவதும் இதன் அடையாளம். கடிதங்களில் ‘கரகரப்பு’ என்று எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

நிலையம் சக்தியைக் கூட்டினால் இது தீராது. கோபுரத்தின் சக்தியை இரு மடங்காக்கினால் நேரலையும் இரு மடங்காகும், திரும்பி வரும் அலையும் இரு மடங்காகும்; இரண்டுக்கும் இடையேயான விகிதம் அப்படியே இருக்கும். சென்னை போன்ற பெருநகரங்களில் தனியார் நிலையங்களுக்கு 25 முதல் 50 கிலோவாட் வரை கதிர்வீச்சுத் திறன் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. நூறு மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து வானொலி அலைக்கு அடிவானம் சுமார் 41 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஆவடி, எண்ணூர், தாம்பரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். உயரத்தின் மகிமைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடைப் பண்பலை: பத்து கிலோவாட் சக்தியுடன், இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலையில் நின்றுகொண்டு அது தென்மாவட்டங்கள் பலவற்றை எட்டுகிறது. சென்னை சமதரை, பரங்கிமலையே நூறு மீட்டரைத் தொடாது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று இந்நகரில்தான் தொடங்கியது. அது எல்.ஐ.சி. கட்டடத்தையே அண்ணாந்து பார்த்த காலம். இன்று அந்த உயரக் கட்டடங்கள் பேட்டைக்குப் பேட்டை நிற்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பெட்டியைச் சுவரோரத்திலிருந்தும் பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் அருகிலிருந்தும் விலக்கி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலருகே வைத்து, கம்பியை நிமிர்த்தியும் சாய்த்தும் படுக்கவைத்தும் பாருங்கள். நிலையான இடத்தில் வைத்துக் கேட்பவர், பின்புறம் ஆண்டெனா இணைப்பு உள்ள பெட்டியாக இருந்தால், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரட்டைக் கம்பியில் ‘டி’ வடிவ ஆண்டெனா செய்து சன்னல் சட்டத்துக்கு மேலே கிடைமட்டமாகக் கட்டலாம். அது தன் இரு முனைகளின் பக்கத்திலிருந்து வரும் அலையை மிகக் குறைவாகவே வாங்கும் என்பதால், தொல்லை தரும் கட்டடத்தை நோக்கி ஒரு முனையைத் திருப்பி வைத்தால் போதும்.

கேள்வி: இரவில் பழைய பாடல்கள் கேட்கும்போது பின்னணியில் மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் ‘மோனோ’ என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரைச்சல் போய்விடுகிறது. ஆனால் தரம் குறைந்துவிடுமே என்று தயங்குகிறேன்.
— சைதாப்பேட்டை வாசகி

பதில்: தயங்காமல் அழுத்துங்கள். ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது ஒலிகளின் கூட்டல் ஒரு பகுதியாகவும், அவற்றின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையின் மீதேற்றிய இன்னொரு பகுதியாகவும் செல்கின்றன. 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டிச் சிக்னல் ஒன்று இருப்பதைக் கண்டுதான் உங்கள் பெட்டி ஸ்டீரியோ விளக்கை எரியவிடுகிறது. எஃப்.எம். முறையில் அதிர்வெண் மேலே செல்லச் செல்ல இரைச்சல் கூடும் என்பதால், உயர் அதிர்வெண்ணில் உட்கார்ந்திருக்கும் அந்த வேறுபாட்டுப் பகுதி தன்னோடு நிறைய இரைச்சலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதே சிக்னலில், கூட்டல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் மோனோ சுத்தமாகவும் ஸ்டீரியோ இரைச்சலாகவும் கேட்பது இதனால்தான். எழுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவிலேயே பதிவானவை; அவற்றை ஸ்டீரியோவில் கேட்பதால் நீங்கள் கூடுதலாகப் பெறுவது இரைச்சலை மட்டுமே.

கேள்வி: பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு வாங்கிய பூஸ்டர் சும்மா கிடக்கிறது. அதை எஃப்.எம். ஆண்டெனாவில் பொருத்தலாமா?
— வேளச்சேரி வாசகர்

பதில்: மாநகருக்குள் வேண்டாம். பூஸ்டர் நேரலையையும் எதிரொலிப்பையும் சேர்த்தே பெருக்கும். அதோடு புதிய தொல்லை ஒன்றையும் கொண்டுவரும். வலுத்த சிக்னல்கள் பல ஒருசேர உள்ளே நுழைந்தால் பூஸ்டரோ பெட்டியின் முன்பகுதியோ திணறி, அவற்றைக் கலந்து இல்லாத சிக்னல்களை உண்டாக்கும். சென்னையில் தனியார் அலைவரிசைகள் 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக அமைந்திருப்பதால், இந்தப் போலிச் சிக்னல் வெற்றிடத்தில் விழுவதில்லை. 92.7 என்பதன் இரு மடங்கிலிருந்து 91.9 என்பதைக் கழித்தால் 93.5 வருகிறது, அங்கே உண்மையான நிலையம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நிலையத்தின் பாட்டுக்கு அடியில் இன்னொரு நிலையத்தின் பேச்சு முணுமுணுப்பதாக எழுதியிருந்த வேறு சில வாசகர்களுக்கும் இதுவே பதில். அவர்கள் ஏரியல் கம்பியை முழுதாக நீட்டாமல் பாதியாக மடக்கிவைத்துப் பார்க்கட்டும். முணுமுணுப்பு மறைந்தால் சிக்னல் அளவுக்கு மீறி வந்ததே காரணம்.

கேள்வி: காரில் பழைய மாமல்லபுரம் சாலை வழியே செல்லும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறது. சில நாள்களில் வீட்டு வாசலிலேயே இரைச்சல் தொடங்கிவிடுகிறது. ஆண்டெனாவை மாற்ற வேண்டுமா?
— சோழிங்கநல்லூர் வாசகர்

பதில்: சாலையில் வருவதும் வாசலில் வருவதும் வெவ்வேறு நோய்கள். கண்ணாடிக் கட்டடங்கள் இருபுறமும் நிற்கும் அந்தச் சாலையில் கார் ஓடும்போது, முதல் பதிலில் சொன்ன வலுக்கும் புள்ளிகளையும் அழியும் புள்ளிகளையும் மாறி மாறிக் கடந்துகொண்டே இருக்கிறீர்கள். வேகத்துக்கேற்ப ஒலி படபடக்கும். போக்குவரத்து விளக்குக்காக நிற்கும்போது ஒலி அறவே போய், இரண்டடி நகர்ந்ததும் திரும்பி வந்தால் அது இதுவேதான். ஆண்டெனாவை மாற்றிப் பயன் அதிகம் இருக்காது. சுரங்கப்பாதைக்குள் ஒலி போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாசலிலேயே தொடங்கும் இரைச்சலுக்குக் காருக்குள் தேடுங்கள். கைப்பேசி சார்ஜரையும் முன்கண்ணாடியில் ஒட்டிய கேமராவையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே நிலையத்தைக் கேளுங்கள். மலிவான சார்ஜர்களுக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தரும் சுற்று இருக்கிறது; அதன் சிதறல் எஃப்.எம். பட்டை வரை ஏறும். காரின் ஆண்டெனா ஒரு முழத் தூரத்தில் இருக்கையில், பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வரும் சிக்னலால் அதனோடு போட்டியிட முடியாது. வீட்டிலும் இதே கதை உண்டு. எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், இணைய ரௌட்டர் ஆகியவற்றின் மேல் சந்தேகம் இருந்தால், பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். மின்வெட்டு நேரத்தில் வானொலி மட்டும் அற்புதமாகக் கேட்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அதைப் பழைய நினைவுப் பற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கேள்வி: விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் பாட்டு நடுங்குகிறதே, ஏன்?
— பம்மல் வாசகி

பதில்: மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் உங்கள் மொட்டை மாடிக்கு மேலே நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் உலோகச் சுவர். அதில் பட்டு வரும் அலையின் பாதை கணந்தோறும் நீண்டும் குறுகியும் மாறுவதால், நேரலையோடு சேர்வதும் அழிவதும் மாறி மாறி நிகழ்ந்து ஒலி நடுங்குகிறது. விமானத்தில் உள்ள கருவிகளுக்கு இதில் பங்கில்லை. மோனோவில் கேட்டால் நடுக்கம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: எனக்குச் சிக்னல் பிரச்சினையே இல்லை. ஆனாலும் எஃப்.எம். கேட்டால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது. கச்சேரி ஒலிபரப்பில்கூட, பாடகர் மூச்சு விடும்போதெல்லாம் தம்புரா திடீரென்று உயர்ந்து, அவர் பாடத் தொடங்கியதும் அமுங்கிவிடுகிறது. என் காதுக்கு வயதாகிவிட்டதா?
— மயிலாப்பூர் வாசகர்

பதில்: தம்புரா எழுவதையும் அமுங்குவதையும் பிரித்துக் கேட்கும் காதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது ஒலிபரப்புக்கு முன்பே, நிலையத்தில் உள்ள ஒலிச் சமன்படுத்தும் கருவி செய்யும் வேலை. எஃப்.எம். முறையில் அலைவரிசையின் அசைவு 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பதால், உரத்த ஒலிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. டயலைத் திருப்பிக்கொண்டு வரும் நேயர் எங்கே ஒலி பெரிதாகக் கேட்கிறதோ அங்கே நின்றுவிடுவார் என்ற நம்பிக்கையில், உச்சத்தை உயர்த்த முடியாத நிலையங்கள் மெல்லிய பகுதிகளையெல்லாம் உச்சத்துக்கு அருகே தூக்கி நிறுத்துகின்றன. விளம்பரத்துக்கு இது பொருந்தலாம். மந்திர ஸ்தாயியில் தொடங்கித் தார ஸ்தாயிக்கு ஏறும் ஆலாபனையை இப்படித் தட்டையாக்கினால், ஏற்றம் என்பதே காணாமல் போகிறது. பாடகர் நிறுத்திய இடைவெளியில் வேறெதுவும் இல்லாததால் கருவி தம்புராவைப் பிடித்துத் தூக்குகிறது. இதை நாம் தொழில்நுட்பக் கட்டாயமாகக் கருதவில்லை. நிலையத்தாரின் தெரிவு என்றே கருதுகிறோம். கச்சேரி நேரத்துக்கு மட்டும் கருவியின் அமைப்பை மென்மையாக்கிக்கொள்ள எந்த நிலையத்தாலும் முடியும்.

உயர் ஒலிகளுக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. இரைச்சலைக் குறைப்பதற்காக ஒலிபரப்பும் இடத்தில் உயர் சுருதி ஒலிகளை வேண்டுமென்றே ஏற்றி அனுப்பி, பெட்டியில் அதே அளவு இறக்கிவிடுவது எஃப்.எம். வழக்கம். சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இந்த ஏற்றம் தொடங்குவதால், முன்பே உரமாக்கப்பட்ட ஒலியில் ஜால்ரா, கைத்தட்டல், ‘ஸ’ ஒலி ஆகியவை உச்சவரம்பில் முதலில் மோதி நசுங்குகின்றன. பாட்டு அதிகமாகச் சுருக்கப்பட்ட எம்.பி.3 கோப்பிலிருந்து வந்திருந்தால், அந்தக் கோப்பு மறைத்துவைத்த குறைகளையெல்லாம் இந்தக் கருவி வெளியே இழுத்துப் போட்டுவிடும். கோளாறு உங்கள் வீட்டிலா, நிலையத்திலா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு: அதே நிகழ்ச்சியை வேறு பேட்டையில் உள்ள நண்பரையும் கேட்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே சொல்லில், ஒரே இடத்தில் ஒலி கிழிந்தால் அது அங்கிருந்தே கிழிந்து வருகிறது. அப்போது நேரத்தையும் நிகழ்ச்சியையும் குறிப்பிட்டு நிலையத்துக்கு எழுதுங்கள். பொதுவாக ‘ஒலி சரியில்லை’ என்று எழுதும் கடிதத்தைவிட அது பொறியாளருக்குப் பயன்படும்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த விலையுயர்ந்த வானொலியில் 101.4 நிலையம் தெளிவாகவே வரவில்லை. 98.3 நன்றாக வருகிறது. ஒலியும் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது.
— அண்ணா நகர் வாசகர்

பதில்: பெட்டி நல்ல பெட்டிதான், ஊர்தான் வேறு. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் புள்ளிக்குப் பின் ஒற்றை எண் வரும் அலைவரிசைகளில் மட்டுமே இருப்பதால், அந்நாட்டுக்கென அமைத்த பெட்டி 101.3இலிருந்து 101.5க்குத் தாவிவிடும். 98.3 தப்பித்தது அதனால்தான்; 101.4, 104.8, 106.4 ஆகியவை மாட்டிக்கொள்ளும். மேற்சொன்ன உயர் ஒலி ஏற்றத்தின் அளவும் அங்கே வேறு; அந்தப் பெட்டி தேவைக்கு மேல் இறக்கிவிடுவதால் ஒலி மந்தமாகிறது. பல பெட்டிகளில் நாட்டை மாற்றும் அமைப்பு உண்டு. கையேட்டில் 100 கிலோஹெர்ட்ஸ் அல்லது 50 கிலோஹெர்ட்ஸ் படி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மந்தத்துக்கு உயர் ஒலிக் குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும்.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 சமுதாய வானொலி எங்கள் பகுதியில் ஏன் கேட்பதில்லை?
— அம்பத்தூர் வாசகி

பதில்: உங்கள் பகுதி வரை கேட்க வேண்டும் என்று அது அமைக்கப்படவில்லை. 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அந்த வானொலி உட்பட, சமுதாய வானொலிகளுக்குப் பொதுவாக நூறு வாட் கதிர்வீச்சுத் திறனே அனுமதி. சுற்றுவட்டார மக்களுக்கானவை என்பதால் சில கிலோமீட்டரோடு அவற்றின் எல்லை முடிந்துவிடும்.

கேள்வி: கோடைக்காலத்தில் சில விடியற்காலைகளில், நாங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையத்தை அடக்கிவிட்டு வேறெங்கோ உள்ள நிலையம் ஒலிக்கிறது. வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடுகிறது.
— கடலோரப் பகுதி வாசகர் ஒருவர்

பதில்: கடலின் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காக நிற்கும் வேளைகளில், வானொலி அலை மேலே தப்பிச் செல்லாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து பல நூறு கிலோமீட்டர் வரை போய்விடும். எண்பதுகளில் நம் கடலோர மாவட்டங்களில் மொட்டை மாடியில் உயரமான ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு, சில நாள்களில் படம் துல்லியமாகவும் சில நாள்களில் புள்ளிகளாகவும் வந்தது நினைவிருக்கும். காற்றின் இந்த அடுக்குக்கு அதில் பெரிய பங்குண்டு. எஃப்.எம். முறையின் இயல்பு இதில் ஒரு திருப்பத்தைச் சேர்க்கிறது: ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல்கள் வந்தால் இரண்டும் கலந்து கேட்காது, சற்றே வலுத்தது மற்றதை முழுதாக விழுங்கிவிடும். எனவே உங்கள் நிலையம் தேயவில்லை, அடக்கப்படுகிறது. இதற்குப் பரிகாரம் தேட வேண்டாம். கேட்டு மகிழுங்கள்.

கேள்வி: கைப்பேசியிலேயே எல்லா நிலையங்களையும் இணையம் வழியாகக் கேட்கலாம் என்கிறபோது, இந்த அலை, ஆண்டெனா எல்லாம் இனி எதற்கு?
— கொளத்தூர் வாசகர்

பதில்: சாதாரண நாளில் உங்கள் வாதம் செல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் அடுத்த ஆண்டு வர்தா புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவையும் மின்சாரமும் சேர்ந்தே போயின. அப்போது இணைய வானொலிக்கு வழியில்லை. ஒரே கோபுரத்திலிருந்து எத்தனை இலட்சம் பேர் கேட்டாலும் எஃப்.எம். நெரிசல்படுவதில்லை, தரவுக் கட்டணமும் கேட்பதில்லை. இதை உத்தேசித்தே, வானொலி வசதி உள்ள கைப்பேசிகளில் அதை முடக்கக் கூடாது என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை வழங்கியது.

உங்கள் கைப்பேசியில் அந்த வசதி இருக்கிறதா என்று செயலிப் பட்டியலில் இன்றே பாருங்கள். இருந்தால், கம்பியுள்ள பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்து வையுங்கள். அந்தக் கம்பிதான் ஆண்டெனா, புளூடூத் கருவியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. பாட்டை ஸ்பீக்கரில் கேட்டாலும் கம்பி செருகியே இருக்க வேண்டும். சுருட்டி வைக்காமல் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிட வேண்டும். செருகும் துளையே இல்லாத புதிய கைப்பேசி வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பது நல்லது.